கதவு, யன்னல் நிலைகளைச் சுற்றிய அலங்காரச் சட்டம்: மூலை ஏன் விரிகிறது?

பரந்தன் வாசி:
அனைவருக்கும் வணக்கம். இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் 2013இல் நாங்கள் கட்டிய வீட்டில் முன்கதவுக்கு முதிரை என்னும் கடின மரத்தாலான நிலையும், யன்னல்களுக்குக் கொங்கிரீட் நிலைகளும் இருக்கின்றன. நிலையும் சுவர்ப்பூச்சும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடுவதால், அதை மறைத்து வீட்டுக்கும் அழகு சேர்க்கலாம் என்று எண்ணி, சென்ற மார்கழியில் நான்கு அங்குல அகலச் சட்டங்களை முன்கதவைச் சுற்றி நானே அடித்தேன். மூலைகளை 45 பாகையில் வெட்டி, ஒரு தாள்கூட நுழையாதபடி பொருத்தியிருந்தேன். ஆவணியில் பார்த்தால், இரு மூலைகளின் உட்பக்கமும் ஒரு ரூபாய்க் குற்றி நுழையும் அளவுக்கு விரிந்திருக்கிறது. என் வெட்டுப் பிழையா, மரம் பிழையா? யன்னல்களில் கைவைக்க முன்னர் அறிய விரும்புகிறேன்.

மாங்குளம் தச்சர்:
தம்பி, உங்கள் வெட்டில் பிழையில்லை. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசைவதேயில்லை; அகலவாட்டில்தான் மாரிக்கு ஊதிக் கோடைக்கு ஒடுங்கும். அகலம் ஒடுங்கியதும் 45 பாகை வெட்டு 45ஆக நிற்பதில்லை. வெளிமுனைகள் தொட்டபடியே இருக்க, உள்மூலை வாய் பிளக்கிறது. சட்டம் அகலமாக அகலமாகப் பிளவும் பெரிதாகும். நீங்கள் மரக்காலையிலிருந்து கொண்டுவந்த ஈரத்தோடு மார்கழியில் அடித்திருப்பீர்கள். கோடையில் அடித்திருந்தாலோ, மாரியில் வெளிமுனை திறந்திருக்கும்.

ஆகையால் இரண்டரை அங்குலத்துக்கு மேற்படாத சட்டங்களை வாங்கி, இடையிடையே சலாகை (மெல்லிய மரத்துண்டு) வைத்து வீட்டுக்குள்ளேயே சில கிழமைகள் அடுக்கி வையுங்கள். அடிக்க முன்னர் பின்புறத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் வர்ணம் பூசுங்கள்; கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள், ஈரம் அதன் வழியாகவே ஏறுகிறது.

நான் சாய்வெட்டை விட்டுப் பல காலமாகிறது. பக்கச் சட்டங்களை நேராக வெட்டி, சற்றுத் தடித்த மேற்சட்டத்தை அவற்றின் தலையில் இருத்தி, இருபுறமும் அரை அங்குலம் நீட்டிவிடுவேன். மேற்சட்டத்தின் ஆணிகள் அதன் கீழ்விளிம்பருகே அமைந்தால், ஒடுக்கம் மேல்விளிம்புக்குப் போய்விடும், பொருத்து திறக்காது. நிலையின் விளிம்போடு சமமாக வைக்காமல் கால் அங்குலம் பின்வாங்கிப் பிடித்தால், பிணைச்சலுக்கும் (கதவுக் கீலுக்கும்) இடம் கிடைக்கும், நிலையின் சிறு கோணலும் கண்ணில் படாது. முதிரையில் ஆணியை அப்படியே அடித்தால் ஆணி வளையும், சட்டம் பிளக்கும். ஆணியைவிட மெல்லிய அலகால் முதலில் துளையிடுங்கள்.

புதுக்குடியிருப்பு வாசகி:
கொங்கிரீட் நிலையின் விளிம்பில் துளையிட வேண்டாம்; அது சில்லாகப் பெயரும், உள்ளே கம்பியும் இருக்கும். சற்று விலகிச் சுவரில் துளையிட்டு, ரோல் பிளக் (திருகாணியைப் பற்றிப்பிடிக்கும் பிளாஸ்டிக் குழல்) வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். எங்கள் வீட்டில் மழைச்சாரல் படும் வெளிப்பக்கத்துக்கு மரத்தையே தவிர்த்தோம். இரு சலாகைகளைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, அவற்றின் இடையில் மேசன் சீமெந்துச் சாந்தால் பட்டை இழுத்துத் தந்தார். மரச்சட்டம் உட்பக்கத்துக்கு மட்டுமே.

முருங்கன் வாசி:
நிலையை ஒட்டி நேராக ஓடும் வெடிப்பானால் சுரண்டி, நெகிழும் பசையால் அடைத்தபின் சட்டத்தால் மூடலாம். யன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஏறுவதானால் மூடிவிடாதீர்கள். எங்கள் பக்கத்துக் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மாரியில் ஊதுவதால், அத்திவாரமே அசைந்து அவ்வாறான வெடிப்புகள் தோன்றுவதைக் கண்டிருக்கிறேன். இன்னொன்று: கதவுச் சட்டத்தின் அடியைத் தரையில் முட்டவிடாமல் கால் அங்குலம் உயர்த்துங்கள், முட்டினால் அதன் பின்புறமாகக் கறையான் ஏறுவது நிலை உளுத்த பின்னரே தெரியவரும்.

பரந்தன் வாசி:
மூவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை பார்த்தேன். அறை யன்னல் ஒன்றில் வெடிப்பு கீழ்மூலையிலிருந்து சாய்வாகத்தான் இறங்குகிறது. அதன் இரு கரைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதியுள்ளேன். மாரி கழியும்வரை அந்த யன்னலைத் தொடாமல், முன்கதவின் மேற்சட்டத்தை மட்டும் கழற்றி, தச்சர் அண்ணா சொன்னவாறு நேர்ப்பொருத்தாக மாற்றப்போகிறேன்.