தாத்தா வீடு குழு: மூன்றாம் அத்தியாயம்

சனிக்கிழமை

குமார் சித்தப்பா, காலை 6:58
மதி, நீ அனுப்பிய உன் நாவலின் மெய்ப்புப் பிரதியை ராத்திரியே எடுத்துப் படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிடு. ஏமாந்த ஆள் யார் என்று முதல் பத்தியிலேயே தெரிகிறது.

விஜயா அத்தை, 7:03
குட் மார்னிங். எந்த அத்தியாயம்?

செந்தில், 7:04
கல்யாணப் பத்திரிகை அத்தியாயம், அத்தை

விஜயா அத்தை, 7:04
ஓ

லதா சித்தி, 7:06
ஆறின கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும்

மதி, 7:15
சித்தப்பா, பெயர், ஊர், தொழில் எல்லாமே மாற்றியிருக்கிறேன். கதையில் அவர் மளிகைக் கடைக்காரர். பெரிய மீசை வேறு.

குமார் சித்தப்பா, 7:17
ஸ்கூட்டர் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவன் இந்தக் குடும்பத்தில் வேறு யார்?

செந்தில், 7:18
தாத்தாவும் தேடுவார் 😄

ரம்யா, 7:20
சாவியை மட்டும் எடுத்துவிடலாமே

மதி, 7:31
சாவியை எடுக்கிறேன். அத்தியாயத்தை எடுத்தால் நாவலே இல்லை. அன்று அத்தை எண்ணிலிருந்து எனக்கும் அதே பத்திரிகை வந்தது. என் போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் அதைக் கடைசி வரை வாசித்தது: "திருமண அழைப்பிதழ், புள்ளி, ஏ, பி, கே." பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லை பிடிஎஃப். ஏபிகே என்றால் அது ஆண்ட்ராய்டு செயலி. பார்வை உள்ளவர்கள் 'திருமண' என்பதைப் பார்த்ததுமே விரலை வைத்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை, முழுதும் கேட்டுத்தான் ஆக வேண்டும். என் நாயகி பூங்கொடி துப்பறிய ஆரம்பிப்பது அந்த மூன்று எழுத்தில்தான். புத்தகத்தின் பெயரே 'கடைசி மூன்று எழுத்து'.

விஜயா அத்தை, 7:33
அதை நான் அனுப்பவில்லை என்று எத்தனை முறை சொல்வது

குமார் சித்தப்பா, 7:33
உங்கள் எண்ணிலிருந்துதான் வந்தது அக்கா

விஜயா அத்தை, 7:34
அதற்காகத் தாய்மாமன் கல்யாணத்துக்கே வராமல் இருப்பானா? மாலை எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் நின்றோம்.

ரம்யா, 7:35
அம்மா விடு

மதி, 7:41
அத்தை சொல்வது உண்மை சித்தப்பா. யாரோ அனுப்பியதை அத்தை திறந்திருக்கிறார். அது உள்ளே போய் உட்கார்ந்து, போனில் இருக்கும் எல்லா எண்ணுக்கும் தன்னையே அனுப்பியிருக்கிறது. உங்களிடம் 'எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி' என்று கேட்டிருக்கும், நீங்கள் சரி என்று அழுத்தியிருப்பீர்கள். அப்புறம் வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். இதில் அத்தையும் ஏமாந்தவர்தான். நாலாம் அத்தியாயம் முழுக்க அதுதான், படித்தீர்களா?

குமார் சித்தப்பா, 7:42
மூன்றோடு நிறுத்திவிட்டேன்

செந்தில், 8:10
ஒரு யோசனை. பூங்கொடிக்குக் காதில் ஏதாவது விசேஷம் வை மதி. திருடன் பேசும்போது பின்னால் ரயில் சத்தம் கேட்டு எந்த ஸ்டேஷன் என்று சொல்லிவிடுகிறாள். சூப்பராக இருக்கும்.

மதி, 8:19
வேண்டாம் செந்தில். கண் தெரியாதவள் என்றால் காது கூர்மை, மூக்கு கூர்மை, இல்லாவிட்டால் தெய்வ அருள். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எனக்குக் காது உன் காது மாதிரிதான். பூங்கொடி வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர், இருபது வருடமாக எண்களை மனதில் வைத்துப் பழகியவள். அது வேலையால் வந்த திறமை. அவள் கண்டுபிடிக்கிற ஒவ்வொன்றும் அவள் அன்றாடம் பழகுகிற விஷயத்திலிருந்து வர வேண்டும்.

உதாரணம் சொல்கிறேன். திருடிய பணம் போய்ச் சேர்ந்த கணக்கு பூங்கொடி பெயரிலேயே இருக்கிறது. போலீஸ் அவளைத்தான் முதலில் சந்தேகப்படுகிறது. அந்தக் கணக்கு போனிலேயே கேஒய்சி, அதாவது ஆள் யார் என்று வங்கி சரிபார்ப்பது, முடித்துத் திறந்தது. கேமராவைப் பார், கண்ணைச் சிமிட்டு என்று கேட்கும். அவள் நாலு தடவை முயன்று ஒரு தடவைகூட அதைத் தாண்டியதில்லை. அப்படியானால் சிமிட்டியது யார்?

ரம்யா, 8:21
அய்யோ 😳 யார்?

மதி, 8:22
12-ஆம் அத்தியாயம்

ரம்யா, 8:22
மதி அக்கா ப்ளீஸ்

மதி, 8:26
எனக்கே நடந்தது ரம்யா, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போனை நீட்டிப் பிடித்து, பாட்டி "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்று சொல்லச் சொல்ல அரை மணி நேரம். கடைசியில் நேரம் முடிந்தது என்று வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: டிஜிட்டல் வசதி கிடைப்பதும் வாழும் உரிமையில் சேர்ந்தது, பார்வையற்றவர்களும் ஆசிட் வீச்சில் முகம் பாதிக்கப்பட்டவர்களும் முடிக்கிற மாதிரி கேஒய்சியை மாற்று என்று. கதை நடப்பது 2024, அதனால் பூங்கொடிக்கு அந்தத் தீர்ப்பு இல்லை.

ராமமூர்த்தி பெரியப்பா, 9:05
வணக்கம். பூஜை முடித்து இப்போதுதான் பார்க்கிறேன். 34 வருடம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் ஒரு திருத்தம். ஐந்தாம் அத்தியாயத்தில் பூங்கொடி, "மூன்று நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் வங்கி தரும்" என்கிறாள். அது பாதிதான் சரி. கதை நடக்கும் 2024-இல் நடப்பிலிருந்த, ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளரே ரகசிய எண்ணைக் கொடுத்த மாதிரி கவனக்குறைவு என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவர் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே தெரிவிக்கும் நேரம்தான் முக்கியம். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழைத்தால், பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போகிறதோ அங்கே நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அந்த எண் முதலில் 155260 என்று இருந்தது. புகார் இணையதளம் 2019 ஆகஸ்ட் 30-இல் வந்தது. இதையும் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்.

செந்தில், 9:06
அப்பா 🙏

மதி, 9:09
ரொம்ப நன்றி பெரியப்பா, இன்றே திருத்துகிறேன். 155260 மட்டும் வேண்டாம், யாராவது அதற்கு அழைத்துவிடுவார்கள்.

விஜயா அத்தை, 9:30
வெளியீட்டு விழா எங்கே என்று முடிவாயிற்றா? நூலக மாடி என்றால் பாட்டி ஏற முடியாது

மதி, 9:33
கீழே வாசகர் கூடம் கேட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை சொல்வார்கள்.

விஜயா அத்தை, 9:34
சாம்பார் சாதம், தயிர் சாதம் நான் பார்த்துக்கொள்கிறேன். பெரிய பித்தளை அண்டா வேண்டும்

லதா சித்தி, 9:36
அண்டா எங்களிடம் இல்லை அண்ணி

விஜயா அத்தை, 9:36
பாகம் பிரித்தபோது யார் எடுத்துப் போனது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது லதா

ராமமூர்த்தி பெரியப்பா, 9:38
அண்டா பரணில் இருக்கிறது. ஈயம் பூச வேண்டும்.

செந்தில், 9:39
பேசாமல் கேட்டரிங்

விஜயா அத்தை, 9:39
வீட்டுப் பெண் புத்தகத்துக்கா?

மதி, 10:12
சித்தப்பா, ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அத்தியாயத்தில் நான் நிறைய நேரம் செலவழித்தது அவர் ஏமாந்த இடத்தில் இல்லை. பணம் போன பிறகு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சரியாகச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறாரே, அங்கேதான். பாட்டிக்குக் கணினிக் குரலில் போட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "பாவம், யாராவது அவனை ஒரு வாய் காபி குடிக்கச் சொல்லுங்களேன்" என்றார். நீங்கள் வேண்டாம் என்றால் நாளை இரவுக்குள் சொல்லுங்கள், எப்படியாவது மாற்றி எழுதப் பார்க்கிறேன்.

ரம்யா, 10:14
❤️

குமார் சித்தப்பா, 10:40
நாலாம் அத்தியாயமும் படித்துவிட்டேன்

குமார் சித்தப்பா, 10:41
விஜயா அக்கா, அன்று நான் வந்திருக்க வேண்டும்

விஜயா அத்தை, 10:43
சரி சரி. விழாவுக்கு வா

குமார் சித்தப்பா, 10:46
மதி, அத்தியாயம் பற்றி நாளை சொல்கிறேன். வைப்பதாக இருந்தால் தொகையை மாற்று. 48,000 என்று போட்டிருக்கிறாய்.

மதி, 10:47
நீங்கள் சொன்னதைத்தானே போட்டேன் சித்தப்பா

குமார் சித்தப்பா, 10:49
எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். 1,62,400.

லதா சித்தி, 10:49
எவ்வளவு?

செந்தில், 10:50
சித்தப்பா, சித்தியும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்

குமார் சித்தப்பா, 10:51
தெரியும்

லதா சித்தி, 10:52
மாடியிலிருந்து இறங்கி வாருங்கள். காபி போடுகிறேன்.