உகாண்டாவுக்கு ஒன்றரை வருட ஊழியம்: அப்பா அம்மாவின் அன்றாடம் எப்படி இருக்கும்?

மண்டபம்_மகள்:
அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 62. இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சி.எஸ்.ஐ. சபை. உகாண்டாவில் ஒரு ஆங்கிலிக்கன் திருமண்டலப் பள்ளியில் ஒன்றரை வருடம் ஊழியம் செய்ய அழைப்பு வந்திருக்கிறது. தலைநகர் கம்பாலாவிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அப்பாவுக்கு பிரஷர், அம்மாவுக்கு சுகர் (இன்சுலின்). அங்கே சாப்பாடு, தண்ணீர், வேலை எப்படி இருக்கும்? மருந்துக்கு என்ன ஏற்பாடு? மண்டபத்தில் கடலைப் பார்த்த வீடு பூட்டிக் கிடக்கப் போகிறது, அதற்கு என்ன செய்யணும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
முதல் வேலை, அழைப்புக் கடிதத்தை மறுபடி படிங்க. அப்பாவுக்கு மட்டும் வேலை எழுதி, அம்மாவை "துணைவியார்" என்று விட்டிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்க. இப்படிப் போகும் தம்பதிகளில் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் சோர்ந்து போவார். நூலகம், பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு, பெண்கள் ஐக்கியக் கணக்கு என்று ஏதாவது ஒன்று அம்மா பேரில் இருக்கட்டும். தங்கும் வீடு பள்ளிக்கு நடக்கிற தூரமா, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யக் கூடாது. வேலை அனுமதியை அழைக்கிற திருமண்டலம்தான் எடுத்துத் தரணும்.

வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம். கம்பாலா சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 28 டிகிரி, ராத்திரி 17 என்ற அளவு. ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதும். மழை மார்ச் முதல் மே வரை ஒன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒன்று. பூமத்தியரேகை என்பதால் வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும், அதற்கு மேல் வெளி வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், வீட்டுக்குப் போன் பேச அது சௌகரியம். போடா போடா என்கிற வாடகை பைக் எங்கும் கிடைக்கும். இந்த வயதில் அது வேண்டாம்.

சாப்பாட்டுக்கு மத்தோக்கே (வாழைக்காயை வாழை இலையில் கட்டி வேகவைப்பது), போஷோ (மக்காச்சோள மாவுக் களி), பீன்ஸ், நிலக்கடலைக் குழம்பு. முதல் இரண்டும் மாவுச்சத்துதான். அம்மா தட்டில் பீன்ஸும் மீனும் கூடவும் அவை குறையவும் இருக்கணும். அரிசி கிடைக்கும். கடல் இல்லாத நாடு, தேங்காய்க்கு விலை அதிகம். மீனுக்குக் குறையில்லை: விக்டோரியா ஏரித் திலாப்பியா, நைல் பெர்ச், முக்கேனே என்கிற பொடி மீன் கருவாடு. முக்கேனேயைத் தரையில் காயப்போடுவதால் மணல் இருக்கும், நெத்திலிக் கருவாட்டைவிட இரண்டு தண்ணீர் கூடுதலாகக் கழுவணும். குடிதண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆகட்டும், மூடி ஆறவிட்டுக் குடிக்கணும்.

நம்ம கடற்கரை ஆட்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியது: ஏரியைக் கண்டதும் காலை நனைக்கக் கூடாது. கரையோரப் புல்லில் இருக்கும் நத்தை வழியாக பில்ஹார்சியா புழு தண்ணீரில் பரவி, தோலைத் துளைத்து உள்ளே போகும், சில நிமிடம் போதும். இன்னொன்று துணி. வெளியில் காயும் ஈரத்துணியில் மாம்பழ ஈ முட்டையிடும். உடுத்தினால் புழு தோலுக்குள் போய்க் கட்டி மாதிரி வீங்கும். உள்ளாடை, பெட்ஷீட் உட்பட எல்லாவற்றையும், தையல் மடிப்போடு சேர்த்து, சூடாக இஸ்திரி போடணும்.

பிளக், துபாயில் இருக்கும் அதே சதுர மூன்று பின். மின்சாரம் 240 வோல்ட், மிக்ஸி அப்படியே ஓடும். வளைகுடா போய்வந்த வீடுகளில் அடாப்டர் கிடைக்கும், நாலு வாங்கி வைங்க.

ஞாயிறு ஆராதனை நீளும். காணிக்கையாக வரும் கோழி, வாழைத்தாரை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள், நம்ம அறுப்பின் பண்டிகை ஏலம் போலத்தான். அம்மா புடவையே கட்டலாம். கம்பாலா சுற்றுப்பகுதியில் பெண்களும் பிள்ளைகளும் பெரியவர்களுக்கு முழங்காலிட்டு வணக்கம் சொல்வார்கள். பதறித் தூக்கிவிடக் கூடாது, நின்று நலம் விசாரித்தால் போதும். ஜூன் 3 ரத்தசாட்சிகள் நாள் (விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களை நினைத்து, கம்பாலா பக்கத்து நமுகோங்கோவில் கூடுவார்கள்), அரசு விடுமுறை. அந்த வாரம் ரோட்டில் கூட்டம் தாங்காது.

மருந்துப்பெட்டி:
மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்க. அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போடணும் (கிண்டி கிங் நிலையம் ஒன்று). திறந்த குப்பியைச் சில மணி நேரத்தில் தீர்க்கவேண்டும் என்பதால் குறித்த நாளில்தான் போடுவார்கள், முன்பதிவு செய்யுங்க. 60 வயது தாண்டியவர்களுக்கு அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். முட்டை அலர்ஜி இருந்தால் கூடாது. அதனால் முதலில் உங்கள் டாக்டர், பிறகு மையம். திரும்பி வரும்போது சான்று இல்லையென்றால் இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள், தொலைக்கக் கூடாது.

மலேரியா அங்கே மூளையைத் தாக்கும் வகை. டாக்சிசைக்ளின் எழுதினால் தினம் 100 மி.கி., கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம். சாப்பிட்டதும், ஒரு டம்ளர் நிறைய தண்ணீரோடு. போட்டதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், கால்சியம் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. ஒன்றரை வருடத்துக்கு எது தோது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். எந்த மருந்தானாலும் ராத்திரி மருந்து தோய்த்த வலை கட்டாயம். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்ப்பது இங்கத்திய பழக்கம், அங்கே ஆபத்து.

மற்ற மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு, அட்டை கிழிக்காமல், டாக்டர் சீட்டோடு. சீட்டில் கம்பெனிப் பேர் போதாது, மருந்தின் மூலப்பெயர் இருந்தால்தான் அங்கே வாங்க முடியும்.

உப்புக்காற்று:
வீட்டுக்கு நான் சொல்கிறேன். கச்சான் (தென்மேற்கு) காற்றில் மணலும் உப்பும் ஜன்னல் இடுக்கு வழியாகப் போகும், வாடையில் மழை. இரும்புப் பூட்டு ஆறு மாதத்தில் இறுகிவிடும். பித்தளைப் பூட்டு போட்டு, கொண்டிக்கும் கீலுக்கும் கிரீஸ் தடவுங்க. ஃபிரிட்ஜைக் காலிசெய்து, துடைத்து, கதவைத் துணி வைத்துத் திறந்தே விடணும், மூடினால் பூஞ்சை. போர் மோட்டார் சும்மா கிடந்தால் இறுகும், 15 நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓட ஆள் வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை இணைப்பில்லாமல் போட்டுவைத்தால் செத்துவிடும். சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து ஓடவிடுங்க. மேல்தொட்டியைக் காலிசெய்து மூடணும், தேங்கின தண்ணீரில் டெங்கு கொசு வரும். சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போடுங்க. செப்டம்பரில் மாடி மழைக்குழாய்ச் சருகை அள்ளவேண்டும், விட்டால் ஐப்பசியில் தளம் ஒழுகும்.

சிம் 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் துண்டிக்கப்படும், வங்கி ஓ.டி.பி. அதோடு போகும். ரீசார்ஜை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்க, ரோமிங்கை இங்கேயே போட்டு அனுப்புங்க. ஓய்வூதிய வாழ்நாள் சான்றுக்கு ஜீவன் பிரமாண் முகப்பதிவைக் கிளம்பும் முன் ஒருமுறை செய்து பழக்குங்க. சரிவராவிட்டால் கம்பாலாவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது.

மண்டபம்_மகள்:
எல்லாருக்கும் நன்றி. கடிதத்தில் அம்மாவுக்கு வேலை எதுவும் இல்லை, இன்றைக்கே எழுதுகிறோம். அம்மா போடுவது குப்பி இன்சுலின், சிவப்பு மூடி சிரிஞ்சு. அங்கே குப்பி கிடைக்கும்தானே?

மருந்துப்பெட்டி:
கிடைக்கும், ஆனால் அங்கேதான் சிக்கல். இங்கே குப்பி மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்சு அதற்கானது. வெளிநாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட் குப்பி. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்து. 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு.

இங்கே இன்சுலின் பேனாவில் போடுவது பெரும்பாலும் 100 யூனிட் வகைதான். டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பேனாவுக்கு மாற்றிவிட்டால் அளவும் பழகிவிடும், சிரிஞ்சுக் குழப்பமும் இருக்காது. விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோகணும், டாக்டர் கடிதத்தோடு. சரக்கு அறையில் உறைந்தால் வீரியம் போய்விடும். அங்கே கரண்ட் போகும். பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குள் பெரும்பாலும் 28 நாள் தாங்கும். மீதியை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைக்கணும், பின்சுவரை ஒட்டக் கூடாது.