பினாங்கு வெப்பத்தில் சீமைச் சாமந்தி வளருமா?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் அடுக்குமாடி வீட்டின் பலகணியில் துளசியும் கற்பூரவள்ளியும் செழித்து வளர்கின்றன. ஆனால் கெமோமில் எனப்படும் சீமைச் சாமந்தி மட்டும், இருமுறை விதைத்தும் முளைக்கவே இல்லை. விதைகளை அரை அங்குல ஆழத்தில் இட்டு மண்ணால் மூடினேன். எங்கே தவறினேன்?

பதில் (செராஸ், கோலாலம்பூர்):
அக்கா, மண்ணால் மூடியதே காரணமாக இருக்கலாம். தூள்போன்ற அவ்விதைகள் முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால், ஈரமண்ணின் மேல் அவற்றைத் தூவி, விரலால் மெல்ல அழுத்தி, தெளிப்பானால் நீர் தெளித்துவந்தால் ஓரிரு வாரங்களில் முளைவிடும். தேநீருக்கு ஓராண்டுச் செடியான ஜெர்மன் வகையே ஏற்றது. இது குளிர்ச்சியை விரும்பும் செடி. கேமரன் மலையில் எளிதாக வளரும், நம் சமவெளியிலோ காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, தொட்டியில் நீர் தேங்காமல் காக்க வேண்டும். எனக்கும் மூன்றாவது முயற்சியில்தான் பூத்தது. அந்த ஆப்பிள் மணத்தை முகர்ந்தபோது பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று.

பதில் (ஜெலுத்தோங், பினாங்கு):
வெள்ளை இதழ்கள் நன்கு விரிந்தவுடன், காலைப் பனி உலர்ந்த பிறகு பூக்களைப் பறித்து நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தால் விரைவில் பூசணம் பிடிக்கும். ஆகவே, மொறுமொறுப்பாகும்வரை காயவைத்த பின்னரே புட்டியில் அடையுங்கள். ஒரு தேக்கரண்டிப் பூவைக் கொதிநீரில் இட்டு, மணம் வெளியேறாதபடி மூடி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டலாம். செவ்வந்திக் குடும்பப் பூக்களால் ஒவ்வாமை வருபவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அருந்தக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் மாமியார் வார்ஃபரின் உட்கொள்வதால், அந்த எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைத்தது. நாளைக் காலையே மண்ணால் மூடாமல் விதைக்கிறேன்.