கலரிமீட்டரில் ஒளியை உணரும் செலினியம் செல்லுக்கு மாற்று: உதவி தேவை

குடியாத்தத்தில் நான் பணிபுரியும் சிறிய இரத்தப் பரிசோதனைக் கூடத்தில், இரத்தத்தை டிராப்கின் கரைசலில் கலந்து, அதன் நிற அடர்த்தியைக் கொண்டு ஹீமோகுளோபின் பார்க்கும் பழைய டிஜிட்டல் ஃபோட்டோ கலரிமீட்டர், சித்திரை மாதத்திலிருந்து நிலையான அளவைக் காட்டுவதில்லை. 540 நானோமீட்டர் பச்சை ஃபில்டரில் பிளாங்க் (இரத்தம் சேர்க்காத கரைசல்) வைத்துப் பூஜ்யமாக்கினால், அதே பிளாங்கின் ஒளி உறிஞ்சல் அளவு சில நிமிடங்களில் 0.03 வரை ஏறிவிடுகிறது. 100 மி.லி.க்கு 15 கிராம் ஹீமோகுளோபினுக்கான ஸ்டாண்டர்டே (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) ஏறத்தாழ 0.4தான் காட்டும் என்பதால், இந்த ஏற்றம் முடிவில் ஒரு கிராமுக்கு மேல் கூட்டிவிடும். 10 கிராம் உள்ள கர்ப்பிணிக்கு 11க்கு மேல் என்று வந்து, இரத்தசோகை தெரியாமலே போய்விடும். ஆகவே இதில் ரிப்போர்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மாதிரிகளை வேலூருக்கு அனுப்பி வருகிறோம்.

பல்பை மாற்றிவிட்டேன், அதன் முனைகளில் மல்டிமீட்டர் 6 வோல்ட்டை அசையாமல் காட்டுகிறது. குவெட் (கரைசல் ஊற்றி வைக்கும் சிறு குழாய்), கரைசல், ஸ்டெபிலைசர் எல்லாம் புதியவை. சிவப்பு ஃபில்டரிலும் இதே ஏற்றம்தான். ஆனால் விளக்கை அணைத்துச் சற்று நேரம் இருட்டில் விட்டால், அளவு பழைய இடத்திற்கே திரும்புகிறது. தொடர்ந்து ஒளி பட்டால் சோர்ந்து, இருட்டில் மீள்வது செலினியம் செல்லின் இயல்பு என்பதால், கோளாறு அதில்தான் என்று கருதுகிறேன். கருவியைத் தயாரித்தவர்கள் இப்போது தொழிலில் இல்லை; காட்பாடியில் பழுதுபார்ப்பவரிடமும் அந்த செல் கிடைக்கவில்லை.

அதற்கு மாற்றாக, ஒளியை உணரும் இன்னொரு பாகமான சிலிக்கான் ஃபோட்டோடையோடு எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது அகச்சிவப்பைக் கூடுதலாக உணரும் என்பதால், கண்ணாடி ஃபில்டர் வழியே கசியும் அகச்சிவப்பு அளவைக் கெடுத்துவிடும்.

இத்தகைய கருவியில் செலினியம் செல்லை எடுத்துவிட்டு சிலிக்கான் ஃபோட்டோடையோடு பொருத்தியவர்கள், அகச்சிவப்பைத் தடுக்க எந்த ஃபில்டரை, எந்த இடத்தில் வைத்தீர்கள்?