சங்குப்பூத் தாள் சிவந்துவிட்டு மறுபடி நீலமாகிவிடுகிறது: எங்கே பிழை?

புது டீச்சர் (காரைக்குடி பக்கம்):

வணக்கம். ஜூனில் பள்ளி திறந்ததும் முதன்முதலாக வகுப்புக்குள் போகிறேன். ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியல். பள்ளியில் இருக்கும் ஒரே அலமாரியின் சாவி போன வாரம்தான் கைக்கு வந்தது. உள்ளே இருபது சோதனைக்குழாய்கள், விரிசல் விட்ட அளவு ஜாடி, பிரிக்காத வடிதாள் கட்டு ஒன்று, வெளுத்துப்போன லிட்மஸ் தாள். அவ்வளவுதான். சரி, நிறங்காட்டித் தாளை நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

வேலியில் பூத்த சங்குப்பூவை இரண்டு கைப்பிடி பறித்து, வீட்டுப் போர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். வடிகட்டி, ஜெராக்ஸ் கடையில் வாங்கிய வெள்ளைத் தாளை அதில் முக்கி, நிழலில் காயவைத்துப் பட்டை பட்டையாக வெட்டினேன். இப்போது மூன்று சிக்கல்கள்.

சாறு நல்ல நீலமாக இறங்கவில்லை, பச்சை தட்டிப்போயிருக்கிறது. தாளில் தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் உடனே இளஞ்சிவப்பாகிறது. ஆனால் நான்கைந்து நிமிடத்தில் ஓரத்திலிருந்து நீலம் ஊர்ந்து வந்து, சிவப்பு வட்டம் சுருங்கி, கடைசியில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் மிஞ்சுகிறது. நாற்பது பிள்ளைகள் முன்னால் இப்படி நடந்தால் என் கதி என்ன?

மூன்றாவது, வகுப்பில் மூச்சுக்காற்றை ஊதிக் காட்டுவதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரை டம்ளரில் இரவு மூடாமல் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மேலே பாலாடை மாதிரி ஓர் ஏடு.

சார்ட் அட்டைகளுக்கே 1,400 ரூபாய் செலவழித்தாயிற்று. அடுப்படியில் என்னைப் பார்த்த அப்பத்தா, “ஆலத்தி கரைப்பதற்கு இவ்வளவு பாடா?” என்று சிரிக்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

தேவகோட்டை அக்கா:

பூ போதவில்லை, தங்கச்சி. இரண்டு கைப்பிடி எந்த மூலைக்கு? இரண்டு பங்காகப் போட்டுக் கெட்டியாக இறக்கிப் பாருங்கள். காம்பையும் பச்சைப் புல்லி இதழையும் கிள்ளிவிட்டீர்களா? வெள்ளைச் சங்குப்பூ கலந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அதனால் பயனில்லை.

புது டீச்சர்:

அக்கா, இன்று காலை செய்து பார்த்தேன். நிறம் அடர்த்தியாக வந்தது. ஆனால் சிவப்பு மறுபடியும் மறைந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வேலியிலும் இனிமேல் பூ இல்லை.

வேதியியல் படித்தவன்:

பூவின் மேல் பழி போடாதீர்கள். குற்றவாளி தாள்.

இப்போது கடைகளில் வரும் நகல் தாள்களில் பெரும்பாலானவற்றில் வெண்மைக்காகவும் வழவழப்புக்காகவும் கால்சியம் கார்பனேட் தூளைச் சேர்க்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் எதனால் ஆனவையோ அதே பொருள். நீங்கள் விடும் எலுமிச்சைச் சொட்டில் இருக்கிற அமிலம் கொஞ்சம்தான். சொட்டு பரவப் பரவத் தாளில் இருக்கும் கார்பனேட் அதைத் தின்றுவிடுகிறது, நீலம் திரும்பிவிடுகிறது. வட்டம் ஓரத்திலிருந்து சுருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. ஓரத்தில் சொட்டு மெல்லியதாகப் படர்கிறது, அமிலம் அங்கேதான் முதலில் தீரும்.

நம்பிக்கை இல்லையென்றால் அந்தத் தாளில் பாதியை ஒரு சில்வர் தட்டில் வைத்து எரித்து, சாம்பல் ஆறியபின் நான்கு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் கார்பனேட். வடிதாளையும் அப்படியே எரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும். கொதிக்கவைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, நீரின் காரத்தன்மை ஏறும். சங்குப்பூச் சாறு காரத்தில் பச்சையாகும் என்பதுதானே நீங்கள் நடத்தப்போகும் பாடமே? பாத்திரத்திலேயே சோதனை முடிந்துவிட்டது, டீச்சர்.

இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் பேட்டரி தண்ணீர் என்று கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது லேபிளைப் படித்துவிடுங்கள். பேட்டரி அமிலமும் ஏறக்குறைய அதே மாதிரி கேனில் பக்கத்திலேயே இருக்கும், அது கந்தக அமிலம். பூவைக் கொதிக்கவைக்க வேண்டாம், சுடுநீரை மேலே ஊற்றி மூடிவைத்தாலே போதும்.

புது டீச்சர்:

நுரைத்தது! சாம்பல் மேல் வினிகர் பட்டதும் மெல்லிய சீறல் சத்தம்கூடக் கேட்டது. வடிதாளை எரித்தால் சாம்பலே ஒரு சிட்டிகைதான், அதில் ஒன்றும் இல்லை. இந்தச் சாம்பல் சோதனையையே ஒரு நாள் பாடமாக வைத்துவிடலாம் போலிருக்கிறது. பேட்டரி தண்ணீரில் சாறு அசல் நீலம். வடிதாளில் முக்கியது காய்ந்துகொண்டிருக்கிறது.

சுண்ணாம்பு ஏட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

சுண்ணாம்பு வேலைக்காரர்:

டீச்சரம்மா, நான் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற கொத்தனார். பள்ளத்தூர், ஆத்தங்குடி, கோட்டையூர் என்று சுற்றி வருகிறவன். நீங்கள் சொல்லும் ஏடு எங்களுக்குப் பழக்கமானது. நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் எப்போதும் தண்ணீருக்கு அடியில்தான் வைத்திருப்போம். காற்றுப் பட்டால் மேல்பாகம் கல்லாகிவிடும், அப்புறம் பூச்சுக்கு உதவாது. மேலே கட்டும் ஏட்டை நாங்கள் கலைக்கவும் மாட்டோம், அது இருக்கும்வரை அடியில் உள்ள சரக்கு கெடாது.

செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடி மாதிரிச் சுவர் பார்த்திருப்பீர்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து இழைப்பதால் வருகிற பளபளப்பு அது. ஆனால் அந்தச் சுவர் இறுகுவது காற்றால்தான், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஈரம் காய்வதும் சுண்ணாம்பு இறுகுவதும் வேறு வேறு என்று புது ஆட்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கற்சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் காட்டுகிறேன் என்று வகுப்பில் இறங்கிவிடாதீர்கள். கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். கடைச் சுண்ணாம்பே போதும், அதிலும் ரோஸ் நிறம் போட்டது வேண்டாம், வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள்.

வேதியியல் படித்தவன்:

கொத்தனார் அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க அதிகம் இல்லை. ஏடு என்பது கால்சியம் கார்பனேட். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பு நீரின் மேற்பரப்பில் செய்த வேலை. மூச்சுக்காற்றை ஊதினால் நீர் பால்போல் ஆகும் என்று நீங்கள் காட்டப்போவதும் இதேதான், ராத்திரி முழுக்க மெதுவாக நடந்திருக்கிறது.

ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்கும் குறைவாகத்தான் சுண்ணாம்பு கரையும். எனவே அள்ளிப் போடவேண்டாம், ஒரு தேக்கரண்டி தாராளம். மூடி இறுகிய பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி ஒரு நாள் தெளியவிட்டு, வேண்டும்போது மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சுடுநீர் வேண்டாம், சூட்டில் சுண்ணாம்பு இன்னும் குறைவாகவே கரையும். ஊதச் சொல்லும்போது பிள்ளைகள் உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊதுகிறவர் கண்ணுக்குக் கண்ணாடி இருக்கட்டும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் பால் நிறம் மறுபடி தெளியும், பைகார்பனேட்டாகக் கரைந்துவிடும். அதைப் பார்த்து நீங்கள் வகுப்பில் திகைத்து நிற்காமல் இருக்கவே முன்கூட்டிச் சொல்கிறேன்.

ஓய்வு வாத்தியார்:

நான்கு நாளாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமிலமும் காரமும் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பின்னால் வருகிற பாடம். மே மாத வெயிலில் உட்கார்ந்து செய்த தாள் அது வரைக்கும் நிறத்தோடு இருக்குமா? சாறு இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும். பூவை நிழலில் சருகாக உலர்த்தி டப்பாவில் அடைத்துவையுங்கள். பாடத்துக்கு முந்தின நாள் மாலை சுடுநீர் ஊற்றினால் போதும். அப்பத்தா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. ஆலத்தி எப்படிச் சிவக்கிறது? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்துதானே? பிள்ளைகள் தங்கள் வீட்டு விசேஷங்களில் நூறு தரம் பார்த்த நிறமாற்றம் அது. சங்குப்பூவுக்கு முன்னால் அதை அப்பத்தாவிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சார்ட் அட்டைகளைச் சுவரில் ஒட்டுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். நான் முப்பது வருடம் ஒட்டியிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் முதல் பாடம் அளவீட்டியல். அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று இந்த இழையில் எங்குமே எழுதவில்லையே? ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டிலிருந்து ஓர் உழக்கோ ஆழாக்கோ படியோ கொண்டுவரச் சொல்லுங்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விடாதீர்கள், சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிற விலையைச் சொல்வார்கள். பரண்மேல் கிடப்பதே ஊருக்குப் போதும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று வாய்பாடு ஒழுங்காகத்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றி மில்லிலிட்டரில் அளந்து பார்த்தால் ஒரு வீட்டு உழக்குக்கும் இன்னொரு வீட்டு உழக்குக்கும் ஒத்துப்போகாது. பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும். எதற்காக ஊருக்கெல்லாம் ஒரே அளவு வேண்டும், எதற்காக 1956இல் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் போட்டார்கள் என்று அந்தச் சண்டைக்கு நடுவில் சொல்லுங்கள்.

அளவு ஜாடி விரிசல் விட்டிருந்தால் மருந்துக் கடையில் ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை அக்கா:

ஐயா, வகுப்புக்கு நாற்பது பாத்திரம் வந்தால் தண்ணீர் தரையெல்லாம் ஓடும்.

ஓய்வு வாத்தியார்:

மரத்தடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேருக்குப் போகட்டும்.

புது டீச்சர்:

வடிதாள் காய்ந்துவிட்டது. எலுமிச்சைச் சொட்டு வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது, சிவப்பு அப்படியே நிற்கிறது. சோப்பு நீர் வைத்த இடம் பச்சை. மீதியிருந்த பூவை முறத்தில் பரப்பி வளவில் நிழலில் வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு நீர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கழுத்துவரை நிரம்பி, மூடி இறுக்கி, அலமாரி மேல் இருக்கிறது.

ஐயா, அப்பத்தாவிடம் உழக்குக் கேட்டேன். பரணில் இருந்து பித்தளையில் மூன்றும் மரத்தில் ஒன்றும் இறங்கின. சிரிஞ்சு வாங்கிவந்து இரவே அளந்தேன். பித்தளை மூன்றில் இரண்டு ஒத்துப்போகின்றன. மூன்றாவது இரண்டு சிரிஞ்சுக்கு மேல் குறைகிறது. அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் அப்பத்தா பேச்சை மாற்றுகிறார்.