ட்ரிப் சுவிட்ச்சைக் கழற்றிய ஐந்து மாதங்கள்

யாழ்ப்பாணத்தில், எங்கள் கோண்டாவில் வீட்டில் கார் விடுவதற்கென்று அப்பா போட்ட தகரக் கொட்டில் ஒன்று இருக்கிறது. கார்தான் கடைசிவரை வரவில்லை. கொரோனா முடக்கக் காலத்தில் அதை நான் தச்சுப் பட்டறையாக்கினேன். மரம் சீவும் மிசினுக்கு 2 குதிரைவலு மோட்டர். விறாந்தையில் இருந்த பழைய பிளக்கில் மாட்டி ஓட்டினால் வீட்டு விளக்குகள் எல்லாம் ஒருமுறை கண்மூடித் திறந்தன.

வயரிங் செய்பவர் கேட்ட கூலி அதிகமாகப் பட்டது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன் என்ற மிதப்பு வேறு. மெயின் போர்ட்டிலிருந்து கொட்டில்வரை 30 மீற்றர். 7/0.67 வயர் வாங்கினேன், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். ஓடும் மோட்டர் 11 அம்பியர் அளவில்தான் இழுக்கும். வயர் தாராளமாகத் தாங்கும். நான் கணக்கில் எடுக்காதது மோட்டர் கிளம்பும் அந்தக் கணத்தை. அப்போது ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். 60 அம்பியர் அந்த வயரில் பாய்ந்தால் 32 வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும். மோட்டர் முனகிக்கொண்டு கிளம்பும், 16 அம்பியர் பிரேக்கர் விழும், அதாவது தானாக மின்னை வெட்டிவிடும். பிரேக்கரைக் கழற்றிவிட்டு 32 அம்பியரில் ஒன்றைப் போட்டேன். பிரேக்கர் இருப்பது வயர் எரியாமல் காக்க என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

அடுத்தது ட்ரிப் சுவிட்ச், மின் எங்காவது கசிந்தால் வீட்டு மின்னையே வெட்டுவது. மழை நாளில் விழுந்தது. மிசின் ஓடாத நடு இரவிலும், குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்து அணைத்துக்கொண்டு விழுந்தது. அந்த நடு இரவு என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். பழசாகிவிட்டது என்று தீர்ப்பெழுதி, அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டேன். ஐந்து மாதம் ஒரு தொல்லையும் இல்லை.

கார்த்திகை மழை. அடுப்பு மூட்ட மரச்சீவல் அள்ளப் போன அம்மா, வெறுங்காலோடு நின்று மிசினைத் தொட்டதும் கையை உதறினார். “தம்பி, இது கடிக்கிறது” என்றார். மிசின் ஓடவில்லை. சுவிட்ச் அணைத்திருந்தது.

அன்று மாலையே வயரிங் செய்பவரைக் கூட்டிவந்தேன், முன்பு கூலி பேசி விட்ட அதே மனிதரை. பழைய வயரில் மின் வரும் கம்பி சிவப்பு, திரும்பிப் போகும் நியூட்ரல் கறுப்பு. நான் போட்டதில் அவை மண்ணிறம், நீலம். இரண்டையும் பொருத்தும்போது மாற்றிவிட்டேன். என் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டிக்கொண்டிருந்தது. அணைத்த பிறகும் மோட்டருக்குள் மின் இருந்தது. இணைப்புப் பெட்டிக்குள் அப்பியிருந்த மரத்தூள் மழை ஈரத்தில் ஊறி, அதை மிசின் உடம்புக்குக் கடத்தியது.

கசியும் மின்னை நிலத்துக்குள் இறக்கும் எர்த் கம்பியையும் அவர் அளந்தார்: 180 ஓம். நம் ஊரில் இரண்டடி தோண்டினால் சுண்ணாம்புக்கல். கம்பியை யாரோ சரித்துப் புதைத்திருந்தார்கள். 230 வோல்ற்றும் அப்படியே கசிந்தாலும் 180 ஓமில் 1.3 அம்பியருக்கு மேல் போகாது. 32 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையுமா? 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான் இடையில் நின்றது. அதைத்தான் நான் கழற்றியிருந்தேன்.

இப்போது பட்டறைக்குத் தனி ட்ரிப் சுவிட்ச், 7/1.04 வயர், மோட்டர் கிளம்பும் இழுப்பைப் பொறுக்கும் சீ வகை 20 அம்பியர் பிரேக்கர். புது எர்த் கம்பி கிணற்றடி வாழைப்பாத்தியில், எந்த நாளும் ஈரமான இடத்தில். வயர் போகும் குழாய்க்குக் கிடங்கு வெட்டும் வேலையை மட்டும் எனக்குத் தந்தார்.

*

தம்பி, உங்கள் பதிவை வாசித்தேன். நான் இணுவிலில் கேற், ஜன்னல் கம்பி ஒட்டுபவன். 90களில் யுத்தத்தால் கரண்டே இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். எதையும் நாமே செய்யலாம் என்ற துணிவு அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த டைனமோ 6 வோல்ற்.

நானும் வெல்டிங் பிளான்ரை வீட்டு ஒற்றைக் கட்ட இணைப்பில்தான் ஓட்டினேன். ஒட்டத் தொடங்கினால் பக்கத்து வீட்டு மின்விசிறி தளரும். வேலிக்கு மேலால் ஏச்சு வரும். பிறகு மின்சார சபைக்கு விண்ணப்பித்து மும்முனை, அதாவது மூன்று கட்ட இணைப்பு எடுத்தேன். செலவுதான், ஆனால் ஏச்சு நின்றது. 5 குதிரைவலு கொம்பிரசர் வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்த விண்ணப்பத்தைக் கொடுங்கள். மீற்றர் முத்திரையில் கைவைக்க வேண்டாம்.

*

அண்ணை, இதை வாசித்துவிட்டு எழும்பிப் போய் எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். பத்து வருடத்தில் முதல் தடவை. விழவில்லை. மூன்று தரம் அழுத்தினேன், அப்படியே நிற்கிறது. நாளை காலை ஆள் வருகிறார். அதுவரை தண்ணீர் மோட்டரைப் போட வேண்டாம், வாளியால் அள்ளிக் குளியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.