டெத் வேலியில் ஒரே நாள்: அப்பாவுக்குப் பழைய சுரங்கம் காட்ட எந்த மண் பாதை?

வேகஸ்_வாசி:

வணக்கம். பிப்ரவரி கடைசியில் அப்பா எங்களோடு லாஸ் வேகஸில் இருப்பார். கோலார் தங்க வயலில் 2001இல் மூடும்வரை வேலை பார்த்தவர். ஊரில் வேறு எதையும் சுற்றிப் பார்க்க ஆசையில்லை, "இந்தப் பக்கம் சுரங்கம் இருந்துச்சாமே, அதைக் காட்டு" என்கிறார். முழங்கால் வலி இருப்பதால் அதிக தூரம் நடக்க மாட்டார். வண்டி எங்களுடைய சொந்த டொயோட்டா ஃபோர் ரன்னர் (எஸ்யூவி), கம்பெனியில் வந்த அதே டயர். தார் இல்லாத பாதையில் இதுவரை ஓட்டியதில்லை. கலிபோர்னியா-நெவாடா எல்லையில் இருக்கும் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குப் போக நினைக்கிறோம். நண்பர் ஒருவர் அங்கே ரேஸ்ட்ராக் போகச் சொல்கிறார், இன்னொருவர் டைட்டஸ் கேன்யன் என்கிறார். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டும். எது சரியாக இருக்கும்?

பாலைவழி:

இரண்டுமே வேண்டாம். ரேஸ்ட்ராக் அழகான இடம்தான், தானாக நகரும் கற்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் யூபிஹீபி எரிமலை வாயிலிருந்து 27 மைல், ஒரு பக்கத்துக்கு மட்டும். முழுக்க அலை அலையான மண் பாதை, டயரைக் கிழிக்கும் கூர்மையான கல். வேகஸிலிருந்து போனால் அன்றைய பகல் முழுவதும் வண்டிக்குள்ளேயே போய்விடும், உங்கள் அப்பாவின் இடுப்பு தாங்காது. டைட்டஸ் ஒருவழிப் பாதை. உள்ளே நுழைந்துவிட்டால் முடிவுவரை போயே ஆக வேண்டும். வெள்ளம் வந்தால் முதலில் மூடப்படும் பாதைகளில் அதுவும் ஒன்று. வழியில் இருக்கும் லெட்ஃபீல்ட் 1926இல் பங்கு விற்பனைக்காக ஊதிப் பெரிதாக்கப்பட்ட ஈயச் சுரங்க ஊர், அடுத்த வருடமே காலி. தொழில் தெரிந்த மனிதருக்கு அங்கே பார்க்க அதிகம் இல்லை.

நான் சொல்வது பானமிண்ட் மலைப் பக்கம். பூங்காவுக்குள் இருக்கும் ஸ்டோவ்பைப் வெல்ஸ் என்ற சிற்றூரைத் தாண்டி மேற்கே ஒன்பது மைல் போனால் இடது பக்கம் எமிக்ரன்ட் கேன்யன் சாலை பிரியும். அது தார்ச்சாலை. அதிலிருந்து கிளைகளாக மூன்று இடங்கள், மூன்றுக்கும் மண் பாதை, மூன்றும் உங்கள் வண்டிக்கு முடியும். வேகஸிலிருந்து அந்தத் திருப்பத்துக்கு சுமார் 3 மணி நேரம். விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

முதலில் ஸ்கிடூ, பழைய தங்கச் சுரங்க ஊர். ஏழெட்டு மைல் மண் பாதை, மலை விளிம்பில் குறுகலாகப் போகும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் எங்கே என்று பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். 1906 ஜனவரியில் இரண்டு பேர் பக்கத்து ஊரில் தங்கம் கிடைத்த சேதி கேட்டு அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். பனிமூட்டம் வழியை மறைத்ததால் நின்றார்கள், மூட்டம் விலகியதும் கண்ணெதிரே தங்கப்பாறை. பிறகு 700 பேர் வரை வாழ்ந்த ஊர் உருவானது. இப்போது ஒரு வீடுகூட இல்லை. ஆனால் மலைச்சரிவில் ஸ்டாம்ப் மில், அதாவது கனமான இரும்பு உலக்கைகளால் தங்கப்பாறையை இடித்த ஆலை, இன்னும் நிற்கிறது, அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

எல்லோரும் தங்கம் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். பாலைவனச் சுரங்கத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான். ஸ்கிடூவுக்கு டெலஸ்கோப் சிகரத்துக்குக் கீழே இருந்த ஊற்றிலிருந்து 23 மைல் நீளத்துக்கு இரும்புக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீர் இறங்கி வரும் விசையிலேயே 15 ஸ்டாம்புகள் (அந்த உலக்கைகள்) பாறையை இடித்தன. மில் ஏன் சரிவில் கட்டப்பட்டிருக்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள், அவரே சொல்லிவிடுவார். மேலே கொட்டிய கல் நொறுங்கி, இடிபட்டு, தங்கத்தைப் பிடிக்கும் பாதரசத் தகட்டைத் தாண்டி, மிச்சத் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைட் தொட்டிக்கு வரும்வரை தன் எடையாலேயே கீழே இறங்கும். தூக்குவதற்கு ஆள் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். கோலாரின் சயனைட் மேடுகளை, அந்தக் கழிவு மண் குன்றுகளை, பார்த்தவருக்கு அந்த இடத்தில் ஒரு மணி நேரம் போதாது. வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம், அதிகம் நடக்க வேண்டாம்.

அடுத்தது அகிரபெரி முனை போகும் பாதை. வழியிலேயே யுரேகா சுரங்கம், கேஷியர் மில்லின் மிச்சம், பீட் அகிரபெரியின் மர வீடு. பிரான்ஸிலிருந்து வந்த பாஸ்க் மனிதர். 1905இல் அங்கே தங்கம் கண்டவர்களில் ஒருவர்; ஸ்கிடூ கதையில் வந்த பக்கத்து ஊர் இதுதான். ஊர் கலைந்த பிறகும், 1945இல் இறக்கும்வரை பெரும்பாலும் தனியாளாக அந்தச் சுரங்கத்தை வெட்டிக்கொண்டிருந்தார். பாதையின் முடிவில் இருக்கும் முனைக்கு வழி போட்டவரும் அவர்தான், பார்க்க வருகிறவர்களுக்காக. 6,433 அடி உயரம். அங்கிருந்து குனிந்தால் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் உப்புத்தரை வெள்ளையாகத் தெரியும். கடைசிப் பகுதி கொஞ்சம் கரடு, மெதுவாகப் போங்கள்.

நேரம் இருந்தால் வைல்ட்ரோஸ் கரிச்சூளைகள். கடைசி இரண்டு மைல்தான் மண். 1877இல் கட்டிய பத்துக் கல் சூளைகள், ஒவ்வொன்றும் 25 அடி உயரம், வரிசையாக நிற்கின்றன. பைன் மரத்தை வெட்டிக் கரியாக்கி, சுமார் 25 மைல் தள்ளி இருந்த வெள்ளி-ஈய உலைகளுக்கு அனுப்பினார்கள். சில வருடங்களே ஓடியதால் கட்டுமானம் புதுசு போலவே இருக்கிறது. உள்ளே நுழைந்தால் புகை வாசனை இன்னும் அடிக்கிறது. மேலே பனி கிடக்கலாம். பள்ளத்தாக்கில் சட்டையோடு நடக்கும் அதே நாளில் இங்கே கம்பளி தேவைப்படும்.

மண்சாலை_மணி:

பாலைவழி சொன்ன திட்டம் நல்லது. ரேஸ்ட்ராக்கை ஒரேயடியாக ஒதுக்குவதில் மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை, இரவு அங்கேயே தங்கிப் போனால் அதற்கு ஈடு வேறு இல்லை. உங்கள் நிலைமைக்கு ஒரு நாளில் முடியாது, சரி.

டயர் பற்றி யாரும் சொல்லவில்லை. மண் தொடங்கும் இடத்தில் நிறுத்திக் காற்றைக் குறையுங்கள், 25 பிஎஸ்ஐ வாக்கில் போதும். குலுக்கல் பாதியாகிவிடும், கல்லின் மேல் டயர் வளைந்து கொடுக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப ஏற்றியே ஆக வேண்டும், அதனால் சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஸ்பேர் டயர் முழு அளவா, அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கி எங்கே இருக்கிறது, இதையெல்லாம் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள். மலைக்குள் போன் வேலை செய்யாது. ஒரு ஆளுக்கு ஒரு காலன் தண்ணீர், அதற்கு மேலும் கொஞ்சம். கிளம்பும் முந்தைய இரவு பூங்காவின் சாலை நிலவரப் பக்கத்தைப் பாருங்கள், ஒரு மழைக்கே பாதை காணாமல் போகும் ஊர் அது.

இன்னொன்று: பாதையை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக்கூடாது. அங்கே அது சட்டப்படி குற்றம், தடமும் பல வருடம் அழியாது.

வேகஸ்_வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர்க் குழாய் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "23 மைலா! மேடு பள்ளத்தை எப்படித் தாண்டினான்?" என்று காகிதத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டார். இரண்டு சந்தேகம். சுரங்கத்துக்குள் கொஞ்சம் போகலாமா? திரும்பும்போது ரியோலைட் என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊரையும் சேர்க்கலாமா?

பாலைவழி:

உள்ளே போக வேண்டாம், வாய் திறந்து கிடந்தாலும். அப்பாவுக்குக் காரணம் சொல்லத் தேவையே இருக்காது: முட்டுக்கொடுத்த மரம் நூறு வருடத்தில் உளுத்திருக்கும், உள்ளே காற்று கெட்டிருக்கும், தரையில் செங்குத்தான குழி இருட்டில் தெரியாது, பழைய டைனமைட்டும் இருக்கலாம். அதோடு பல சுரங்கங்களில் வௌவால்கள் வாழ்கின்றன, அவற்றைக் கலைக்கக் கூடாது. வாயில் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்க அனுமதியில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், கல் பொறுக்கும் பழக்கம் சுரங்கக்காரர்களுக்கு உண்டு.

ரியோலைட்டை அன்றைக்குச் சேர்க்காதீர்கள், இருட்டிவிடும். அது இருக்கும் பீட்டி ஊர்ப் பக்கம் இன்னொரு நாள் போய்வாருங்கள், அதற்கு மண் பாதை அனுபவம் தேவையில்லை. மூன்று மாடி குக் வங்கியின் சுவரும், 1906இல் பாட்டில்களாலேயே கட்டிய வீடும் அங்கே நிற்கின்றன. ஸ்கிடூவைப் பார்த்த பிறகு போனால் அப்பா அங்கேயும் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்பார். பெட்ரோலை வழியில் வரும் பரம்ப் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் விலை அதிகம்.